கை மடக்கிக்கொண்ட செல்கள்

இசோஹமா
2018 மே 20

சயோகோவுக்கு, அண்ணன் எழுதுவது.

நானும் உன் அண்ணி இக்குயோவும் சுகம். கியோட்டோவில் புழுக்கம் தொடங்கியிருக்கும். வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டை விட்டுவிடாதே. போனில் கூப்பிடுவதில்லை என்று குறைபடாதே. அரவை மெஷின் பக்கத்தில் பதினெட்டு வருஷம் நின்ற காது இது. நீ ஒன்று சொன்னால் எனக்கு ஒன்று கேட்கும். உனக்குக் கோபம் வரும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

சேதி என்னவென்றால், ஏப்ரலிலிருந்து கழுவும் பிரிவுக்கு நான் தலைவன். பேரிங்குகளில் ஒட்டிய எண்ணெயைக் கழுவி அனுப்பும் பிரிவு. என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மாமனார் இதே தொழிற்சாலையில் நாற்பது வருஷம் உழைத்தும் அவருக்கு இந்த நாற்காலி கிடைக்கவில்லை. "மாப்பிள்ளை, இனிமே முதுகுலயும் ரெண்டு கண்ணு வேணும்" என்றார். சந்தோஷமா பொறாமையா, தெரியவில்லை.

பழைய திரவம் தோலை உரிக்கும், தலைவலி கொடுக்கும். இப்போது புதியது வந்திருக்கிறது. பச்சைப் பீப்பாய், மேலே கே-17 என்று ஒரு நம்பர், அவ்வளவுதான். பழுத்த பேரிக்காய் மாதிரி மணக்கிறது. என்னோடு பள்ளிக்கூடம் படித்த கோதா என் பிரிவில்தான் இருக்கிறான். "பசியைக் கிளப்புதுடா, ஒரு டம்ளர் ஊத்து" என்கிறான். தூசி விழக்கூடாது என்று ஜன்னல்களை ஒட்டி அடைத்துவிட்டார்கள். விசிறி ஓடுகிறதென்று தினமும் காலையில் காற்றோட்டத் தாளில் முத்திரை குத்துவதும் இப்போது என் பொறுப்பு.

"என் தங்கச்சி ரத்தத்துலேர்ந்து மூளை செய்யறா" என்று பெருமையாகச் சொன்னேன். "உனக்கு ஒண்ணு பார்சல் பண்ணச் சொல்லேன்" என்றான் கோதா.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தமோட்சு


கியோட்டோ
2018 ஜூன் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

மழைக்காலம் பிறந்துவிட்டது. துணி காயவில்லை என்பதைத் தவிர எனக்கொரு குறையும் இல்லை. உங்கள் பதவிச் செய்தியை மூன்று தடவை படித்தேன். அண்ணிக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கோதா அண்ணனிடம் சொல்லுங்கள், பார்சல் அனுப்ப இரண்டு மாதமாவது ஆகும். யாரோ கொடுத்த ரத்தத்தின் செல்களைப் பிறவிக்கு முந்தைய நிலைக்குத் திருப்பி, அங்கிருந்து மூளைச் செல்லாக வளர்க்கிறோம். முதலில் உருண்டையாகச் சும்மா கிடக்கும். பிறகு நூல் மாதிரிக் கைகளை நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தேடும். நாற்பது நாள் போனால் ஒன்றோடொன்று பேசும். தட்டின் அடியிலுள்ள மின்முனைகள் அதைக் கேட்டுத் திரையில் புள்ளிகளாகக் காட்டும். பார்க்க மழை பெய்வது போல இருக்கும்.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை அவற்றுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும். ஞாயிறு, பண்டிகை என்று பார்க்க முடியாது. ஆகஸ்டில் ஓபோன் பண்டிகைக்கு அப்பா அம்மாவுக்கு விளக்கேற்ற வர முடியாது போலிருக்கிறது.

எலிக்குத் தீங்கு செய்யாதது மனிதனுக்குச் செய்யலாம் என்பதால் கம்பெனிகள் தங்கள் ரசாயனங்களை எங்களுக்கு அனுப்புகின்றன. குப்பியில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எது வந்தது, என்ன செய்தது என்று வெளியே மூச்சுவிடக் கூடாதென்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் தலைவர் டாக்டர் குராமோச்சி சொல்வார்: "வீட்டுல சோறு திங்க மட்டும் வாயைத் திறங்க."

அதனால் இதற்குமேல் கேட்காதீர்கள். நேரத்துக்குத் தூங்குங்கள்.

சயோகோ


இசோஹமா
2018 ஆகஸ்ட் 18

சயோகோவுக்கு, அண்ணன்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ நலமா? ஓபோனுக்கு அப்பாவையும் அம்மாவையும் விளக்கேற்றி அழைத்தோம், அனுப்பிவைத்தோம். உனக்குப் பதிலாக நானே ஒரு தடவை கூடுதலாகக் கும்பிட்டேன். செத்தவர்களுக்குக்கூட லீவு உண்டு, உன் செல்களுக்கு இல்லை.

இக்குயோவும் எங்கள் பிரிவுக்கு வந்துவிட்டாள், காலையில் நான்கு மணி நேரம். ஆள் போதவில்லை, நான்தான் கேட்டேன். "வீட்டுலயும் உங்க அதிகாரம், இங்கயும் உங்க அதிகாரமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். இரண்டு நாள் சிரித்தார்கள்.

எழுத்து கோணலாக இருக்கிறதென்று நினைக்காதே. பேனா சரியில்லை. விரல் நுனியெல்லாம் கையுறை போட்ட மாதிரி இருக்கிறது, வெயில் காரணமாக இருக்கும். நேற்று சாப்பிடும்போது மூன்று தடவை குச்சி நழுவியது. "குடிச்சீங்களா?" என்றாள். குடிக்கவில்லை.

பெட்டியில் கபோசு எலுமிச்சை அனுப்பியிருக்கிறேன். வறுத்த மீனில் பிழிந்து சாப்பிடு.

தமோட்சு


கியோட்டோ
2018 செப்டம்பர் 2
(அனுப்பாதது)

அண்ணா,

இதை அனுப்ப மாட்டேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் வாய்தவறி யாரிடமாவது சொல்லிவிடுவேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி ஒரு குப்பி வந்தது. கே-17. உலகத்தில் எத்தனையோ பொருளுக்கு அந்த நம்பர் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். உறிஞ்சும் விசிறியைப் போடுமுன் அவசரத்தில் மூடியைத் திறந்துவிட்டேன். பேரிக்காய்.

மிகக் குறைந்த அளவில் தொடங்கி ஆறு வரிசைத் தட்டுகளில் விட்டோம். பதினான்கு நாளில் ஒரு செல்லும் சாகவில்லை. செத்திருந்தால் எண்ணிவிடலாம். இவை நீட்டிய கைகளை மெல்ல மெல்ல மடக்கிக்கொண்டன. திரையில் மழை நின்றுபோனது. என் தவறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடியும் செய்தேன். மூன்றாம் தடவையும் அப்படியே.

நேற்று குராமோச்சியிடம் போனேன். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

"இது யாரோ தினமும் தொடற பொருள் டாக்டர்."

"தட்டுல நடந்தது தட்டுல. மனுஷனுக்கு ஈரல் இருக்கு, சிறுநீரகம் இருக்கு. நாம அறிக்கை கொடுப்போம். அப்புறம் அவங்க பாடு."

"அவங்க சும்மா இருந்துட்டா?"

"அப்பவும் அவங்க பாடுதான். இந்த ஒரு ஒப்பந்தத்துல இருபது பேர் சாப்பிடறோம் சயோகோ. நீங்களும் சேத்து."

கெட்டவரில்லை அண்ணா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் ஆகஸ்ட் கடிதம் மேசையில் இருக்கிறது. மே மாதக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேனாமேல் குற்றமில்லை.


கியோட்டோ
2018 அக்டோபர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, மன்னியுங்கள். இங்கே காற்று குளிர்ந்துவிட்டது. நான் நலம். கபோசு நன்றாக இருந்தது.

சில விஷயங்கள் கேட்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஜன்னலைத் திறக்க முடியுமா? விசிறி நாள் முழுக்க ஓடுகிறதா? கெட்டியான கையுறை தருகிறார்களா? அண்ணியை வேறு பிரிவுக்கு மாற்றினால் நல்லது. பெண்களுக்கு அந்த ஈரம் ஆகாது. நீங்களும் ஒரு வாரம் லீவு போட்டு இங்கே வாருங்கள். எனக்குத் தெரிந்த நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார். சும்மா ஒரு பரிசோதனைதான். ஊரில் வேறு வேலை ஏதாவது இருந்தாலும் யோசியுங்கள்.

காரணம் ஒன்றுமில்லை. வயது நாற்பத்து நாலு ஆகிறதே என்றுதான்.

சயோகோ


இசோஹமா
2018 அக்டோபர் 28

சயோகோவுக்கு.

இருவரும் சுகம். உன் கடிதத்தை இக்குயோவிடம் காட்டவில்லை.

பதினெட்டு வருஷம் அரவையில் நின்று, இப்போதுதான் நாலு பேர் என்னைத் 'தலைவரே' என்கிறார்கள். நீ வேறு வேலை பார் என்கிறாய். ஈரம் ஆகாதாம். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களுக்குக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் இப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது. உன்னைப் படிக்க அனுப்பியது அந்த அரவை மெஷின்தான், தெரியுமல்லவா?

ஜன்னல் திறக்காது, ஒட்டியிருக்கிறது என்று முன்பே எழுதினேன். நாங்கள் குடியிருப்பது கம்பெனி வீடு. மாமனாரும் இங்கேயே பக்கத்து வரிசையில். நான் போனால் மூன்று பேரும் தெருவில் நிற்க வேண்டும்.

விசிறியைப் பற்றி நீ ஏன் கேட்டாய்?

குளிர் வருகிறது. ஜாக்கிரதை.

தமோட்சு


இசோஹமா
2018 டிசம்பர் 3

சயோகோவுக்கு, அண்ணி இக்குயோ.

நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், பிழை பொறுக்கவும். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

போன செவ்வாய் மாடிப்படியில் விழுந்துவிட்டார். படி எங்கே இருக்கிறதென்று கால் சொல்லவில்லை என்கிறார். சட்டைப் பொத்தானை ஒரு மாதமாக நான்தான் போட்டுவிடுகிறேன். வெளியே சொல்லக் கூடாதென்று கட்டளை. ஊர் டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டு அனுப்பினார். கோதாவுக்கும் நடை மாறிவிட்டது. "குடிகாரங்க ரெண்டு பேரும் ஜோடியாப் போறாங்க" என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

உங்கள் அக்டோபர் கடிதத்தை அவர் சட்டைப்பையில் பார்த்தேன். நீங்கள் காரணமில்லாமல் பேசுகிற ஆளில்லை. என்னிடம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். குளிக்கும்போது என் கால்விரலுக்கு வெந்நீர் சூடா இல்லையா என்று தெரியவில்லை. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இக்குயோ


கியோட்டோ
2018 டிசம்பர் 7

அண்ணா, அண்ணி, இருவருக்கும்.

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. நேராகச் சொல்கிறேன்.

நீங்கள் பேரிங் கழுவப் பயன்படுத்தும் கே-17 ஜூலையிலிருந்து என் தட்டுகளில் இருக்கிறது. மனித மூளைச் செல்களின் கைகளை அது சுருக்குகிறது. மிகக் குறைந்த அளவிலும், மூன்று தடவையும். செப்டம்பர் கடைசியில் அறிக்கை உங்கள் கம்பெனிக்குப் போய்விட்டது. அவர்களுக்குத் தெரியும். தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் விரலும் அண்ணியின் காலும் அதையே சொல்கின்றன.

நாளையிலிருந்து இருவரும் அந்த அறைக்குள் போகாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். தொழிலாளர் மேற்பார்வை அலுவலகத்திலும் காட்டுங்கள். என் பெயர் வெளியே வரட்டும்.

ஐந்து மாதம் தெரிந்துகொண்டே இருந்தேன் அண்ணா. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட காகிதத்தை நினைத்துக்கொண்டு இருந்தேன். மன்னியுங்கள் என்று எழுத வரவில்லை.

சயோகோ


இசோஹமா
2019 ஜனவரி 6

சயோகோவுக்கு, அண்ணன் சொல்ல இக்குயோ எழுதுவது.

புது வருஷம் உனக்கு நோயில்லாமல் கழியட்டும். கடிதம் வந்தது. இரண்டு பேரும் படித்தோம். அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன்.

கோபமில்லை. உன் அக்டோபர் கடிதத்துக்கு அப்படிப் பதில் எழுதிய கையை நினைத்தால்தான் கோபம் வருகிறது. டிசம்பர் கடிதம் வந்த அன்று மாலையே இக்குயோவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். முழங்கால்வரை எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து நேரே மேற்பார்வை அலுவலகத்துக்குப் போய், பீப்பாயிலிருந்து பிடித்த ஒரு சீசாவை மேசைமேல் வைத்தேன்.

"இந்தத் திரவம்தான் காரணம்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றார் அதிகாரி.

"என் கால் சொல்லுது."

"கால் சொல்றதை எழுத இதுல இடமில்லைங்க."

"அப்ப ஓரத்துல எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். உன் பெயர் எங்கேயும் இல்லை. இனியும் இருக்கக் கூடாது. நீ வாயைத் திறந்தால் நான் பட்டதெல்லாம் வீண். இது அண்ணன் சொல்.

தமோட்சு


இசோஹமா
2019 மார்ச் 17

சயோகோவுக்கு.

நீ எழுதிய இரண்டு கடிதமும் வந்தன. என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்துவிட்டேன். இப்போது எழுத நேரம் நிறையக் கிடைக்கிறது. ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் ஆனாலும் கேட்க ஆளில்லை.

பிப்ரவரியில் மேற்பார்வை அதிகாரிகள் வந்தார்கள். கம்பெனிக்கு முந்தின நாளே தெரியும். பச்சைப் பீப்பாய் ஒன்றும் இல்லை. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மறுவாரம் என்னை மூன்றாம் கட்டடத்தில் ஓர் அறைக்கு மாற்றினார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் கடிகாரம். ஜன்னல் இல்லை. எட்டு மணிக்கு உள்ளே, ஐந்து மணிக்கு வெளியே. வேலை கிடையாது, புத்தகம் கூடாது. நானே ராஜினாமா எழுதட்டும் என்று காத்திருக்கிறார்கள். எழுதினால் மேற்பார்வை அலுவலகத்தில் கொடுத்த மனு நிற்காதோ என்று பயம், வீடும் போய்விடும்.

கம்பெனி டாக்டர் இதைக் குடிப்பழக்கம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். இன்னொன்று இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த விசிறி ஒருநாளும் ஓடியதில்லை. தூசி கிளம்பும் என்று பிரிவு மேலாளர் செகிமோத்தோ நிறுத்தச் சொன்னார். "ஓடுதுன்னு குத்திடு தமோட்சு, எல்லா எடத்துலயும் அப்படித்தான்" என்றார். குத்தினேன். நூற்றுத் தொண்ணூறு தாள். எல்லாவற்றிலும் என் முத்திரை. அதைத்தான் இப்போது எடுத்து நீட்டுகிறார்கள். என் பிரிவில் மற்ற பதினொரு பேரும் அந்தக் காற்றைத்தான் குடித்தார்கள். இக்குயோவை நானேதான் உள்ளே கூட்டிவந்தேன்.

யாரும் என்னோடு பேசுவதில்லை. முந்தாநாள் மதியம் கதவு திறந்தது. கோதா. தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான், காலுறையைக் கழற்றினான்.

"ஊசி வச்சிருக்கியா?"

"இல்லை."

"பேனாவால குத்து. நான் கண்ணை மூடிக்கறேன். குத்தும்போது சொல்றேன்."

குத்தினேன். இரண்டு காலிலும் மாறிமாறிக் குத்தினேன். அவன் கண்ணை மூடியபடியே கேட்டான்: "ஆரம்பிக்கலையா?"

உடம்பைப் பார்த்துக்கொள். சொன்னது நினைவிருக்கட்டும்.

தமோட்சு


கியோட்டோ
2019 ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

செர்ரிப் பூக்கள் உதிர்ந்துவிட்டன. உங்கள் கால், அண்ணியின் கால் எப்படி இருக்கின்றன? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் சொல்லை மீறிவிட்டேன். கோதா அண்ணனின் காலைப் படித்தபிறகு என்னால் முடியவில்லை. திங்கட்கிழமை குராமோச்சியிடம் சொன்னேன்: கே-17ஐத் தினமும் தொடும் பன்னிரண்டு பேரில் என் அண்ணன் ஒருவர், டிசம்பரிலேயே நான் அவருக்கு எழுதிவிட்டேன், இன்று மேற்பார்வை அலுவலகத்துக்கும் எழுதப்போகிறேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணன்னு ஏன் மொதல்லயே சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"உங்களை அந்த வேலையிலேர்ந்து மாத்தியிருப்பேன்." பிறகு சொன்னார்: "என்னால அறிக்கையைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அரசாங்கம் எழுத்துல கேட்டா மறுக்கவும் முடியாது. கேக்கறதுக்கு அவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியணுமே."

அவ்வளவுதான். மதியம் நானே போய்ப் பெயர், முகவரி, முத்திரையோடு எழுதிக்கொடுத்தேன். மறுநாள் சாவி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இனி எந்த ஆய்வகத்திலும் என்னை எடுக்க மாட்டார்கள் என்று குராமோச்சியே வாசல்வரை வந்து சொன்னார். வக்கீல் கடிதம் ஒன்று வந்திருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை கேட்டிருக்கிறேன்.

இன்று ஞாயிறு, காலையில் விழித்ததும் தட்டுகளுக்குச் சாப்பாடு மாற்றக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஏறியபிறகுதான் நினைவு வந்தது. கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினேன்.

திட்டுவதானால் சீக்கிரம் திட்டி எழுதுங்கள்.

சயோகோ


2019 செப்டம்பர் 26

சயோகோவுக்கு, அண்ணன்.

நீ நலமா? உடம்பைப் பார்த்துக்கொள். வழக்கமாகக் கடைசியில் எழுதுவதை இப்போதே எழுதிவிடுகிறேன், எந்த நிமிஷம் நிறுத்த வேண்டியிருக்குமோ தெரியாது. மேற்பார்வை அலுவலகத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வக அறிக்கையை அவர்கள் எழுத்தில் கேட்டு வாங்கியதை நீ அறிவாய். போன வாரம் முடிவு வந்தது. கோதாவுக்கும் இன்னும் எட்டுப் பேருக்கும் வேலையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டார்கள். எனக்கும்தான், காற்றோட்டத் தாளைப் பற்றித் தனியாக விசாரணை உண்டு என்ற குறிப்போடு. நான் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறேன். சில நாள் யாராவது கதவைத் திறந்து ஒரு உருண்டைச் சோறு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இக்குயோவின் பெயர் பட்டியலில் இல்லை. அரைநாள் வேலை, ஐந்து மாதமும் நிறையவில்லை, இந்தக் குறைந்த காலத்தில் நோய் வந்ததென்று ஏற்க முடியாதாம். தாளை மடித்து வைத்துவிட்டு மீனைத் திருப்பிப்போட்டாள். நான் என்னென்னவோ சொன்னேன். என் தப்பு என்றேன். 

இன்று காலை தானே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் போய் அந்த ஆபீஸ்ல உக்காரப்போறேன்."

"நானும் வரேன்."

"பஸ் வரைக்கும் வாங்க. உள்ள வர வேண்டாம். உங்க முத்திரையைப் பாத்துட்டா அப்புறம் என் காலைப் பாக்க மாட்டாங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் என்னிடம் சொன்னதிலேயே கடுமையான வார்த்தை இது. சொல்லிவிட்டு என் மேல்பொத்தானைப் போட்டுவிட்டாள்.

பத்து மணிக்கு உள்ளே போனாள். இப்போது நாலேமுக்கால். மதியம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காலுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே அதிகாரி யாருமில்லை. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். நாளையும் வருவேன் என்று என்னிடம் முன்பே சொல்லிவிட்டாள்.

கதவு திறக்கிறது. அவள்தான், அதிகாரி ஒருவர் பின்னால் வாசல்வரை வருகிறார். அவள் முகத்திலிருந்து என்ன முடிவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் எழுந்து நிற்கக் கொஞ்ச நேரமாகும். அவள் தெருவைக் கடந்து வர அதைவிட நேரமாகும்.

தமோட்சு